பதின்மூன்றாம் நாள், நாலரை மணி

தமயந்திக்கு வாய் சும்மா இருக்காது. அவளுடைய மாமியார் தொடங்கி மருந்துக்கூடத்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் இது. பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்தால் ஆளிடம் பேசுவாள், இல்லையென்றால் ஜன்னல் கம்பியிடம் பேசுவாள். இப்படிப்பட்டவளை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, எதிரே தட்டுக்கு அறுபது முட்டை என்று அடுக்கிக் கொடுத்தால் என்ன செய்வாள்? முட்டைகளிடம் பேசினாள். பதினாறு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

நாமக்கல்லுக்கு வெளியே, கோழிகளுக்குத் தடுப்பு மருந்து செய்யும் கூடம் அது. மருந்து செய்ய முட்டை எதற்கு என்று யாராவது கேட்டால் அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். வைரஸை வளர்க்க உயிருள்ள இடம் வேண்டும், கருக்கூடிய முட்டையைவிட அதற்கு வசதியான வீடு கிடையாது. ஒன்பது நாள் இன்குபேட்டரில் வைத்துக் கருவை வளர்ப்பார்கள். ஒன்பதாம் நாள் ஓட்டில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போட்டு, வலுவைக் குறைத்த வைரஸை உள்ளே விட்டு, மெழுகால் அடைப்பார்கள். நாலு நாளில் கருவைச் சுற்றியிருக்கும் தண்ணீர் முழுக்க வைரஸ் பெருகிவிடும். பதின்மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குத் தட்டுகள் குளிர் அறைக்குப் போகும். மறுநாள் காலை முட்டையைத் திறந்து அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் அதுதான் மருந்து. இருபத்தொன்றாம் நாள் குஞ்சாக வெளியே வரவேண்டியது, பதின்மூன்றாம் நாளோடு நின்றுபோகும். ஒரு முட்டை எத்தனையோ கோழிகளைக் காப்பாற்றுகிறது என்பதால் அங்கே யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை.

தமயந்தியின் வேலை லைட் அடிப்பது. விளக்கின் மேல் முட்டையைப் பிடித்தால் ஓடு முழுக்கச் சிவந்து, உள்ளே ஆற்றின் கிளைகள் மாதிரி நரம்புகள் தெரியும். நடுவில் கறுப்பாக ஒன்று துள்ளும். உயிர் போயிருந்தால் துள்ளல் இருக்காது, அரை மணி நேரத்தில் நரம்பும் கருகிவிடும். வெளியே சுட்டெரிக்கும் வெயிலில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். உள்ளே அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் மணி பத்தா நாலா என்றே தெரியாது. வேலை முடிந்து வெளியே வந்தால் கொஞ்ச நேரம் உலகமே ஓட்டுக்குள் இருப்பது போலத் தோன்றும் என்பாள்.

அந்த அறைப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தட்டு குளிர் அறைக்குக் கிளம்பும்போது யாரும் 'போ' என்று சொல்ல மாட்டார்கள். வாசல் தாண்டுகிற எவரையும் அப்படி அனுப்பக்கூடாது என்று வளர்ந்தவர்கள். டவுனுக்குப் போகிறவனுக்கு ஒரு 'போயிட்டு வா' சொல்கிறோம், திரும்பவே வராத தட்டுக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? "போயிட்டு வாங்க, கண்ணுகளா" என்பாள் தமயந்தி, ஒவ்வொரு தட்டுக்கும், நாலரை மணிக்கு.

ஊமைக் கழிச்சல் வந்தபோதுதான் அவள் வாய்க்கு ஒரு மதிப்பு வந்தது. அந்த நோய் புதிது. முதலில் சேவல்கள் கூவுவதை நிறுத்தின. அடுத்த நாள் பெட்டைகள் கொக்கரிப்பதை நிறுத்தின. மூன்றாம் நாள் கொட்டகைக்குள் போனால் ஆயிரக்கணக்கான கோழிகள் நின்றபடி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும், சத்தம் மட்டும் வராது. நாலாம் நாள் குழி வெட்ட ஆள் தேட வேண்டும். பழைய மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. மாவட்டத்தில் பாதிக் கொட்டகைகள் காலியாகி, ஊர்கள் சத்தமே இல்லாமல் விடிய ஆரம்பித்தன.

கூடத்தின் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஹெப்சிபா. நாகர்கோவில்காரர், பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. புது மருந்தைப் பதினொரு தடவை செய்து பார்த்தார். பத்துத் தொகுதி உப்புக்கும் பெறவில்லை, ஒன்று மட்டும் நின்று வேலை செய்தது. அது தமயந்தி லைட் அடித்த தொகுதி. டாக்டர் வெப்பத்தைச் சரிபார்த்தார், ஈரத்தைச் சரிபார்த்தார், முட்டை வந்த பண்ணையைச் சரிபார்த்தார். கடைசியில் இருட்டறை மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டார். டாக்டர் இருப்பது தமயந்திக்கு முதல் பத்து நிமிஷம் நினைவிருந்தது, பிறகு மறந்துபோனது. தண்ணி லாரி வராத கதையை முட்டைகளுக்குச் சொன்னாள். வெளியே வந்தால் கேட்டுப் பக்கத்தில் ஒரு புங்கமரம் இருக்கும், அதன் நிழலில் மண் ஈரமாக இருக்கும், கிளறினால் புழு கிடைக்கும் என்று ஆசை காட்டினாள்.

சாயங்காலம் டாக்டர் எழுந்து, "நாளையில இருந்து எல்லாத் தட்டுக்கும் நீங்களே பேசுங்க" என்றார். அப்புறம் அவள் குரலைப் பதிவுசெய்து இன்குபேட்டர் ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு ஸ்பீக்கரை மாட்டினார்கள். மருந்து கேட்டு வாசலில் வேன்கள் வரிசை கட்டின.

ஒரு தடவை டாக்டர் அவளை மருந்து போட்ட பண்ணை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். கொட்டகை வாசலில் நின்று தமயந்தி எப்போதும் போல, "என்னங்கடா, எல்லாரும் சௌக்கியமா?" என்றாள். தின்றுகொண்டிருந்த அத்தனை கோழிகளும் நிறுத்தின. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தலைகள் திரும்பின. கூண்டுக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து அத்தனையும் அவளையே பார்த்தன. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை அவள் கூடவே இருந்தது. சந்தோஷம் பாதி, என்னவோ போலிருந்தது பாதி.

திரும்பி வரும்போது ஜீப்பில் டாக்டர் விளக்கினார். "வைரஸ் கருவை விட்டு வெளிய வரும்போது சும்மா வரதில்லை, தமயந்தி. கருவோட உடம்புல இருந்து ஒரு துணுக்கை ஒட்டவச்சுக்கிட்டு வருது. கரு கேட்டது, பட்டது எல்லாம் அந்தத் துணுக்குல பதிஞ்சிருக்கு. மருந்து போட்ட கோழிக்கு அதெல்லாம் தன்னோட ஞாபகமாவே ஆயிடுது. நீங்க பேசிக் கேட்ட கரு பயமில்லாம இருந்திருக்கு. பயமில்லாத உடம்புலதான் இந்த மருந்து பிடிக்குது."

தமயந்திக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை வசந்தாமணிக்கு அன்றைக்கே போன் செய்து, உன் கோழிக்கெல்லாம் இந்த மருந்தையே போடு, உன் அக்கா குரல் அதில் இருக்கிறது என்றாள்.

வசந்தாமணியும் அவள் புருஷன் தெய்வசிகாமணியும் மோகனூர் ரோட்டில் சின்னதாக ஒரு ஹேச்சரி வைத்திருந்தார்கள். சொந்தக் கோழிகளின் முட்டையை மிஷினில் வைத்துப் பொரித்து, குஞ்சுகளைச் சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கொடுப்பார்கள். அக்கா சொன்ன மருந்தைப் போட்டார்கள். கோழிகள் ஜம்மென்று வளர்ந்தன, முட்டையும் இட ஆரம்பித்தன. அந்த முட்டைகளை மிஷினில் வைத்தார்கள். பதினெட்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூட உயிர் இல்லை. உடைத்துப் பார்த்ததில் எல்லாமே பதின்மூன்று நாள் வளர்த்தி. இரண்டாம் தடவை பதின்மூன்றாம் நாளே லைட் அடித்தார்கள். மத்தியானம் துள்ளிக்கொண்டிருந்தது சாயங்காலம் அடங்கியிருந்தது. நாறுவதற்கு முன்னால் அள்ளிக் குழியில் கொட்டினார்கள். மூன்றாம் தடவையும் அதேதான்.

மாவட்டம் முழுக்க இதே கதை வர ஆரம்பித்தது. மற்றவர்கள் கூடத்தைத் திட்டினார்கள். வசந்தாமணிக்குத் திட்டுவதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று செய்தாள். செய்தி கேட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிய அக்கா வாசற்படியில் நிற்க, அவளைப் பார்த்துவிட்டு 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். எதிரி வீட்டு ஆள் வந்தாலும் வாங்க என்று சொல்லுகிற சனம் நாம். கூடப் பிறந்தவள் சொல்லவில்லை. தமயந்தி படியிலேயே பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அப்புறம் நாலு மாசம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஒரு நாள் தெய்வசிகாமணிதான் போனில் விஷயத்தைச் சொன்னார். கடைசியாக ஒரு ஈடு முட்டை வைத்திருக்கிறார்கள். இதுவும் போனால் மிஷினைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக முடிவாகிவிட்டது. வரும் வியாழக்கிழமை பதின்மூன்றாம் நாள்.

தமயந்தி நேராக டாக்டரிடம் போனாள். டாக்டர் மேஜைமேல் ஏற்கெனவே பத்துப் பதினைந்து ஹேச்சரிகளின் முட்டைகள் உடைந்து கிடந்தன.

"எல்லாம் பதின்மூன்றாம் நாள், நாலரை மணி" என்றார் டாக்டர். "நம்ம தட்டு எப்ப குளிர் அறைக்குப் போகுதோ அதே நேரம். ஞாபகம் குரலோட மட்டும் நிக்கலை, தமயந்தி. நாலரை மணிக்குப் போகணும்கிறதும் சேர்ந்தே போயிருக்கு. தாய்க்கு மருந்து போட்டோம், அது முட்டைக்கும் இறங்கிடுச்சு. அந்த நேரம் வந்ததும், இனிமே போகணும்னு அதுங்க இதயத்தை நிறுத்திக்குது."

"மருந்தை நிறுத்திட்டா?"

"ஊமைக் கழிச்சல் திரும்ப வரும். முட்டை இல்லாம இந்த மருந்தைச் செய்ய வழி தேடிக்கிட்டிருக்கேன். ரெண்டு வருஷமாவது ஆகும்."

தமயந்தி யோசித்தாள். பொய்தானே பிரச்சினை? பிறக்கப்போகிறோம் என்று நம்பவைத்து, புங்கமரத்தையும் புழுவையும் காட்டி, நாலரை மணிக்கு அனுப்புகிறோம். உள்ளதைச் சொல்லிவிட்டால்? இனி வரும் மருந்திலாவது இந்தக் கோளாறு இருக்காதே. டாக்டரும் ஒரு தட்டில் பார்க்கலாம் என்றார்.

பன்னிரண்டாம் நாள் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரை அணைத்தாள். விளக்கின் மேல் ஒரு முட்டையை வைத்தாள். உள்ளே அது வழக்கம்போலத் துள்ளியது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு வார்த்தை வரவில்லை. பிறகு சொன்னாள். "கண்ணுகளா, நான் உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய். நீங்க வெளிய வர மாட்டீங்க. நாளைக்குச் சாயங்காலத்தோட சரி. உங்க தண்ணிக்காகத்தான் உங்கள வளத்தறோம்."

துள்ளல் நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நரம்புகள் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அடுத்த முட்டையை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். அறுபதும் கருகிப்போயிருந்தன. தண்ணீரைச் சோதித்தால் அதில் மருந்துக்கு ஆகிற மாதிரி ஒன்றுமே இல்லை. தமயந்தி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். கையில் ஒரு பையும் அந்தப் பைக்குள் லைட்டும் இருந்தன. வசந்தாமணி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், குனிந்துகொண்டாள். தெய்வசிகாமணிதான் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மிஷின் ரூமைத் திறந்துவிட்டார். தன் வீட்டு எஜமானி சொல்லாததைத் தானும் சொல்லக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் வாய் திறக்கவில்லை.

நாலே காலுக்கு எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன. நாலரைக்கு அவள் கையிலிருந்த முட்டை அடங்கியது. யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி மிஷினில் இருந்த அத்தனை முட்டையும் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டன. தமயந்தி முட்டையைக் கீழே வைக்கவில்லை. வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது, நரம்புகள் சிவப்பாகவே இருந்தன. லட்சக்கணக்கில் லைட் அடித்தவள் அவள். செத்தது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்; முந்தின வாரம்தான் அறுபதைப் பார்த்திருந்தாள். இது அது இல்லை. துடிக்கவும் இல்லை, கருகவும் இல்லை. இப்படி ஒன்றை அவள் எங்கேயும் கண்டதில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 'போ' என்று இதுங்களிடம் யாரும் சொன்னதில்லையே. போயிட்டு வா என்றுதான் சொன்னோம். சொன்னபடி போயிருக்கின்றன. வருவதற்குக் காத்திருக்கின்றன.

இருட்டும் வரைக்கும் கூப்பிட்டாள். வாங்க, கண்ணுகளா, வந்துருங்க, போனது போதும் என்று மிஷின் கதவில் வாயை வைத்துத் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். ஒன்றும் அசையவில்லை. தட்டுகளை இன்றைக்கு எடுக்க வேண்டாம் என்று தெய்வசிகாமணியிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு, அந்த ரூமிலேயே சாக்கை விரித்துப் படுத்தாள். காலையில் லைட் அடித்தால் நரம்பு நுனிகள் மங்க ஆரம்பித்திருந்தன. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

வெளியே குழாயடியில் முகம் கழுவும்போது ஒன்று புரிந்தது. அனுப்பிய குரல் அவளுடையது. அந்தக் குரல் கூப்பிட்டால் எப்படி வரும்? வாசலில் நின்று வழியனுப்புகிறவள் ஒருத்தி, போன இடத்திலிருந்து திரும்பும்போது வா என்கிறவள் வீட்டுக்காரி. இது அவள் வீடு இல்லை.

ஈரக் கையோடு தங்கையிடம் போனாள். விஷயத்தைச் சொன்னாள். "நீ ஒரு தடவ கூப்புடு, அம்மிணி. ஒரே ஒரு தடவ" என்றாள்.

வசந்தாமணி நாலு மாசத்துக்கு அப்புறம் வாயைத் திறந்தாள். "உன்னையே நான் கூப்புடலை. முட்டையக் கூப்புடச் சொல்றயா?"

"என்னைய விடு. அதுங்க என்ன பண்ணுச்சு?"

"என்ன பண்ணுச்சா? மூணு ஈடு, எங்கையால குழிக்குள்ள கொட்டுனேன். உம் பேச்சக் கேட்டுத்தான் கொட்டுனேன். இப்ப அதெல்லாம் சாகவேயில்லைங்கற. அப்ப நான் என்னத்தக் கொட்டுனேன்?"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதே அப்போதுதான் தமயந்திக்குத் தெரிந்தது. இனி அங்கே நிற்பதற்கு முகம் இல்லை. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் தெய்வசிகாமணி முட்டைத் தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். வாசலைச் சுற்றித்தான் கொல்லைக்குப் போக வேண்டும், அங்கே குழி தயாராக இருந்தது. தமயந்தி கேட்டைத் திறந்து ரோட்டில் கால் வைத்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை, கண் இருட்டிக்கொண்டு வந்தது, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அதை வசந்தாமணி பார்த்தாள். எவ்வளவு கோபம் இருந்தால்தான் என்ன, அக்கா பசியோடு ரோட்டில் நிற்கிறாள்.

"அக்கா" என்றாள் வாசலிலிருந்து. "வா. உள்ள வா. சாப்புட்டுட்டுப் போ."

தமயந்தி திரும்புவதற்குள் தெய்வசிகாமணி வண்டியை நிறுத்தியிருந்தார். குழிக்கென்று எடுத்த ஒரு முட்டை அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை அவர் பார்த்த பார்வையே வேறு மாதிரி இருந்தது.

"ஏனுங்க்கா," என்றார் மெதுவாக, "இது அசையுதுங்."

மூன்று பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். முந்தானையை மேலே போட்டு இருட்டாக்கிக்கொண்டு தமயந்தி ஒவ்வொன்றாக லைட் அடித்தாள். சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு துள்ளல், அப்புறம் இன்னொன்று. வசந்தாமணி ஒவ்வொரு தட்டாகக் குனிந்து வா, வா, வந்துட்டயா, வாடா என்று சொல்லிக்கொண்டே அழுதாள். சிரிப்பும் வந்தது அவளுக்கு. அள்ளிக்கொண்டு போய் மறுபடியும் மிஷினில் அடுக்கினார்கள். எட்டு நாள் கழித்து அந்த ஹேச்சரியில் எழுந்த கீச்சுக் குரல் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு மாவட்டம் முழுக்க ஒரு வேடிக்கை நடந்தது. பதின்மூன்றாம் நாள் நாலரை மணி தாண்டியதும் ஹேச்சரிக்காரர்கள் மிஷின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள். கல்யாண மண்டப வாசலில் சம்பந்தி வீட்டாரைக் கூப்பிடுகிற மாதிரி கையைக் கூப்பிக்கொண்டே கூப்பிட்டவர் உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு ஆளில்லாத நேரம் பார்த்து முணுமுணுத்தவர் உண்டு. ஒருவர் வேட்டியை இறக்கிவிட்டு, சாப்பாடு எடுத்து வைக்கவா என்றுகூடக் கேட்டாராம். எல்லாருக்கும் வந்தன. சாயங்கால வெயிலில் அந்த வட்டாரம் முழுக்க யாரோ யாரையோ வரவேற்றுக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் தமயந்தி அன்றைக்குத் தங்கை வீட்டிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்தபோது, வந்துருச்சுங்க மேடம், கூப்பிட்டதும் வந்துருச்சுங்க என்று கத்தியபோது, டாக்டர் "அப்படியா" என்று மட்டும் சொன்னார். டாக்டருக்குச் சந்தோஷம் இல்லையா என்று முதலில் நினைத்தாள். பிறகு அவளுக்கும் விளங்கியது.

"மேடம்," என்றாள், "அப்ப நம்ம கோல்ட் ரூம்ல இருந்து காலைல எடுத்துத் திறக்கறதெல்லாம்?"

"தெரியலை, தமயந்தி" என்றார் டாக்டர். பிறகு, "தெரியும். சொல்லத்தான் முடியலை" என்றார்.

வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானச் சாப்பாட்டில், தண்ணீர் எடுக்கும் அறையின் மேஸ்திரி ஜுலைகாவிடம் தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஜுலைகாவும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கேட்டுவிட்டு ஜுலைகா டப்பாவை மூடினாள். "ஒண்ணு ரெண்டு ஆடும், தமயந்தி" என்றாள். "ஓட்டத் திறக்கும்போது. யாராவது லேட்டா உள்ள வருவா, ஏண்டி இவ்வளவு நேரம், வா வா, உக்காருன்னு சொல்லுவோம். அப்ப ஆடும். குளிர்ல எங்க கைதான் நடுங்குதுன்னு நெனச்சுக்கிட்டோம்."

அன்றைக்குச் சாயங்காலம் நாலரைக்குத் தட்டுகள் கிளம்பின. உண்மையைச் சொன்னால் அங்கேயே கருகிவிடும். அவற்றோடு மாவட்டத்துக் கோழிகளும், வசந்தாமணி மிஷினில் துள்ளுவதும் போகும். தமயந்தி வாசலில் நின்று, "போயிட்டு வாங்க, கண்ணுகளா" என்றாள். பதினாறு வருஷத்தில் அவள் தட்டுகளிடம் அந்த மூன்று சொற்களுக்கு மேல் ஒன்றும் பேசாத முதல் நாள் அது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவள் தண்ணீர் எடுக்கும் அறைக்குப் போனாள். அவளுக்கு அங்கே வேலை இல்லை. லைட் ரூம் ஆட்கள் அந்தப் பக்கம் வருவதும் கிடையாது. ஆனால் அனுப்பியவள் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கோட்டும் முகமூடியும் மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். குளிர் அறையிலிருந்து வந்த தட்டுகள் மேஜைமேல் வரிசையாக இருந்தன, ஓடுகளில் நீர் பூத்திருந்தது. ஏழு பெண்கள் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு வருஷமாக அவளோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், அவள் மகள் சீருக்கு வந்தவர்கள்.

ஏழு பேரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். ஒருத்திக்கு முகமூடிக்குள் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைத் தொட்டாள். ஜுலைகா எழுந்து, காலால் ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திவிட்டாள். அந்த அறையில் ஒருத்திகூட அவளை வா என்று சொல்லவில்லை. தமயந்தி தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.